ஊசி சரியாப் போட்டால் காணாதோ? தாதியத்தில கரிசனை பற்றி ஒரு விவாத இழை

06.01, இரவு 9.50 | கொக்குவில்காரன்

தாதியர் படிப்பில கரிசனை, கருணை எண்டு தனியாப் பாடம் வைச்சிருக்கினமாம். ஒரு ஆஸ்பத்திரி விடுதியில ஐம்பது கட்டில், இரவில இரண்டு மூண்டு மிஸ்ஸிமார் எண்டு வையுங்கோ. அந்த இடத்தில சரியான மருந்தைச் சரியான ஆளுக்குச் சரியான அளவில சரியான நேரத்துக்குக் குடுத்தால் காணாதோ? மிச்சமெல்லாம் சோடினை. எனக்குச் சிரிச்ச முகம் தேவையில்லை, கை சுத்தமா இருந்தால் சரி.

06.01, இரவு 11.20 | இராக்கடமை

சிரிச்ச முகத்தை விடுங்கோ, அது எனக்கும் தேவையில்லை. நீங்கள் சொன்ன நாலு "சரி"யையே எடுப்பம். வருத்தக்காரருக்கு இப்ப என்ன செய்யுது எண்டு தெரியாமல் சரியான நேரத்தை எப்பிடிப் பிடிக்கிறது? மொனிற்றர் பூட்டின கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவிலதான் கூட. சாதாரண விடுதியில முதலாவது மொனிற்றர் வருத்தக்காரற்ற வாய். ஒருக்கா ஏச்சு விழுந்தால் அது நிண்டுபோகும்.

பெட்பானைப் பாருங்கோ. "இப்பதானே வைச்சது, திரும்பவுமோ?" எண்டு ஒரு சொல்லுத்தான். ஆச்சி அதுக்குப் பிறகு தண்ணியைக் குறைச்சுப்போடுவா. மூத்திரம் கடும் மஞ்சளாகும், கடுக்கும், கிருமி தொத்தும். வயசான ஆக்களுக்கு அந்தக் கிருமி காய்ச்சலாத் தெரியிறதுக்கு முதல் தடுமாற்றமாத்தான் தெரியும்; மகளின்ர பேரை மாத்திச் சொல்லுவா. இல்லாட்டி, மிஸ்ஸிக்குக் கரைச்சல் குடுக்காமல் தானே போவம் எண்டு இரவு 2 மணிக்கு எழும்பி, கழுவின நிலத்தில வழுக்கி இடுப்பு முறியும். ரிக்கற்றில, அதாவது அவவின்ர விடுதிப் பதிவுத் தாளில, "கட்டிலருகில் விழுந்தார்" எண்டு எழுதுவம். முதல்நாள் பின்னேரம் சொன்ன சொல்லு ரிக்கற்றில ஏறாது.

இன்சுலின் ஆக்களும் இப்பிடித்தான். பின்னேர ஊசி போட்டாச்சு, இரவுச் சாப்பாடு அரைவயிறு. நடுச்சாமத்தில வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். டெசிலீற்றருக்கு 70 மி.கிராமுக்குக் கீழ இறங்கின இரத்தச் சீனிக்கு வைத்தியம் 15 கிராம் குளுக்கோசு, அதாவது மூண்டு தேக்கரண்டி சீனி தண்ணியில கரைச்சு, 15 நிமிசத்தால திரும்பக் குத்திப் பாக்கிறது. செலவே இல்லாத வைத்தியம். ஆனால் அந்த ஆள் கூப்பிட்டால்தானே? கூப்பிட்டால் புறுபுறுப்பினம் எண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தால், விடியப்புறம் எழுப்ப ஏலாமல் கிடக்கிறதைத்தான் காணுவியள்.

07.01, காலை 6.05 | விடுதிமேசை

மேல சொன்னதோட இதையும் சேருங்கோ. விடுதியில ஒரு நாளைக்குக் கூடச் சொல்லுற பொய் "இப்ப வாறன்". ஒருத்தரும் கெட்ட மனசோட சொல்லுறேல்லை. ஆனால் படுத்திருக்கிற ஆளுக்கு மணிக்கூடு வேற மாதிரி ஓடும். "ஊசி வண்டில் முடிய எட்டேகாலுக்கு வாறன்" எண்டு சொல்லிப்போட்டு எட்டேகாலுக்குப் போனால், அடுத்த தரம் அவர் அரை மணித்தியாலம் பொறுப்பார். வர ஏலாட்டி மற்ற ஆளையாவது அனுப்பி "எட்டே முக்காலாகும்" எண்டு சொல்லவேணும். மணி சொல்லிப் பழகின விடுதியில கூப்பிடுற சத்தம் குறையிறதை ஒரு கிழமையில காணலாம்.

07.01, மத்தியானம் 1.40 | கொக்குவில்காரன்

அப்ப உது கருணை இல்லை, தகவல் எடுக்கிற தந்திரம். பொலிசும் உதைத்தானே செய்யிறது!

07.01, மத்தியானம் 1.55 | இராக்கடமை

பொலிஸ் பெட்பான் வைக்கிறேல்லை. தந்திரம் எண்டே வையுங்கோ. ஆச்சிக்குத் தண்ணி உள்ளுக்குப் போனால் எனக்குக் காணும்.

07.01, இரவு 10.30 | இராக்கடமை

பகல் எழுதினதில ஒரு ஓட்டை இருக்கு, ஒருத்தரும் பிடிக்கேல்லை எண்டதால நானே சொல்லுறன். தகவலுக்காகத்தான் கரிசனை எண்டால், தகவலே தராத ஆளுக்கு அது தேவைப்படாது. பாரிசவாதத்தில நினைவில்லாமல் கிடக்கிறவர், மறதி முத்தினவர், கடைசி நாளில இருக்கிறவர். அவையிட்டை இருந்து ஒண்டும் வராது, முறைப்பாடும் வராது. அங்கதான் ஒரு விடுதியின்ர தரம் தெரியும்.

வாயைத் திறந்து பாருங்கோ. மூக்கால ரியூப் போட்டு வாயால மூச்சு விடுற ஆளுக்கு 2 தொடக்கம் 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா வாய் துடைக்கவேணும். ஆளை ஒருபக்கம் சரிச்சு, தாடைக்குக் கீழ துணி வைச்சு, விரலில காஸ் துணி சுத்தி அல்லது சின்னப் பிள்ளையள் பாவிக்கிற மெல்லிய பிரஷ்ஷால கன்னத்தின்ர உள்பக்கம், பல்முரசு, நாக்கு, மேலண்ணம் துடைக்கவேணும். தண்ணி தொண்டைக்குள்ள போகாத அளவுக்குப் பிழிஞ்சு எடுக்கவேணும், கிட்ட நீர் உறிஞ்சிற சக்கர் இருக்கவேணும். கடைசியில சொண்டுக்கு மெல்லிசா வசலின். ஒட்சிசன் போகுது எண்டால் தண்ணி கலந்த ஜெல். எலுமிச்சை கிளிசரின் பூசிற பழைய வழக்கம் வேண்டாம், அது வாயை இன்னும் வறளச் செய்யும், பல்லையும் அரிக்கும். இரண்டு நாள் விட்டால் மேலண்ணத்தில மண்ணிறத் தோல் மாதிரி ஒட்டியிருக்கும். அதை ஒரேயடியா இழுத்தால் இரத்தம் வரும். ஈரப்படுத்தி ஈரப்படுத்தி இரண்டு மூண்டு தரத்திலதான் எடுக்கலாம். அதை உண்டாக்கினது ஒரு கடமை நேரம், கழட்டுறது வேற கடமை நேரம்.

கண்ணும் அப்பிடித்தான். இமை மூடாட்டிக் கருவிழி காயும். எல்லாத்துக்கும் முதல், கை வைக்க முந்திச் சொல்லவேணும்: "ஐயா, மறுபக்கம் சரிக்கப் போறன்." கேக்குதோ இல்லையோ சொல்லுங்கோ.

08.01, காலை 8.15 | விரிவுரைக்கட்டு

கோட்பாட்டுப் பக்கத்தை யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பரிவைத் தாதியத்தின் மையமாக வைத்து தாதியக் கோட்பாட்டாளர் ஜீன் வாட்சன் 1979இல் எழுதினார். படிப்பதற்கு அழகானது, ஆனால் விடுதியில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவியிடம் அதைக் கொடுத்தால் என்ன செய்வது என்று விளங்காது. பயிற்சிக்கு உதவுவது இன்னொரு தாதியக் கோட்பாட்டாளர் கிறிஸ்டன் சுவான்சன் 1991இல் வகுத்த ஐந்து: ஆளை அறிதல், உடன் இருத்தல், அவருக்காகச் செய்தல், அவரே செய்ய வழிவிடுதல், நம்பிக்கையைத் தாங்கிப் பிடித்தல். நாலாவதுதான் எங்கள் ஊரில் அதிகம் தவறுகிறது. கை அசையும் நோயாளிக்கும் ஊட்டிவிடுகிறோம். உறவினரும் அதைத்தான் அன்பு என்று எதிர்பார்க்கிறார்கள். பாரிசவாதம் வந்தவருக்குக் கரண்டியை நல்ல கையில் கொடுத்து, தட்டின் கீழ் ஈரத்துணி விரித்து, இருபது நிமிடம் சிந்தச் சிந்த உண்ணவிடுவதுதான் பராமரிப்பு. ஊட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். அவருடைய கை அப்படியே நின்றுவிடும்.

"ஊசி சரியாகப் போட்டால் போதும்" என்பதற்கும் ஒரு பதில் உண்டு. இங்கிலாந்தில் மிட் ஸ்ராபோர்ட்ஷயர் மருத்துவமனையின் பராமரிப்புக் குறைகளை விசாரித்த பிரான்சிஸ் அறிக்கை 2013 பெப்ரவரியில் வந்தது. அதில் அடிக்கடி வருபவை பெரிய சத்திரசிகிச்சைப் பிழைகள் அல்ல: நனைந்த படுக்கையில் விடப்பட்டவர்கள், கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்ட தண்ணீர், உண்ண உதவி இல்லாத உணவுத்தட்டு. காசும் கருவியும் எங்களைவிடக் கூடிய நாட்டில் நடந்தது.

08.01, காலை 8.40 | கொக்குவில்காரன்

தண்ணி எட்டாத தூரம் எண்டது எங்கயும் நடக்கிறதுதான். லொக்கர் கட்டிலின்ர தலைமாட்டில, ஆள் சேலைன் ஏறுற கையால எட்டிப் பிடிக்க ஏலாது. ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அதுக்கு வாட்சன் தேவையில்லையே.

08.01, மத்தியானம் 12.10 | விடுதிமேசை

தேவையில்லை. நாலு கேள்வி காணும். சுத்திப் போகேக்கை ஒவ்வொரு கட்டிலிலையும்: நோகுதோ? திரும்பிப் படுக்கவேணுமோ? பாத்ரூம் போகவேணுமோ? தண்ணி, கண்ணாடி, போன், கூப்பிடுற மணி கைக்கு எட்டுதோ? பகலில மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இரவில இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டதுதான் பிறநாட்டில வைச்சிருக்கிற கணக்கு. இஞ்ச ஆள் காணாது எண்டால் எல்லாருக்கும் செய்யத் தேவையில்லை, எழும்பி நடக்கிறவரை விட்டுப்போடுங்கோ. சேலைன் ஏத்துற கனுலா ஊசியையும் பாவிக்காத கையில குத்துங்கோ. வலக்கைக்காரருக்கு வலக்கையில குத்திப்போட்டு "சாப்பிடுறாரில்லை" எண்டு எழுதுறதில என்ன நியாயம்?

08.01, இரவு 9.05 | புண்கட்டு

நான் டயபிற்றிஸ் கால்புண் பக்கம். கரிசனை எண்டால் என்ன எண்டு கேட்டால் எனக்கு ஒரே ஒரு மறுமொழிதான்: காஸைக் காய விட்டு இழுக்காதேங்கோ.

காஸ் புண்ணில ஒட்டிக் காய்ஞ்சிருக்கும். இழுத்தால் அழுகின தோலோட புதுசா வந்த சிவந்த சதையும் சேர்ந்து வரும். அது நோவும், புண் ஆறுறதையும் பின்னுக்குத் தள்ளும். சேலைன் ஊத்தி 5 தொடக்கம் 10 நிமிசம் ஊறவிட்டு, தோலோட படுக்கையா மெல்ல உரிக்கவேணும், மேல தூக்கி இல்லை. சேலைன் போத்திலை முதலே இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள வைச்சால் குளிருக்கு ஆள் துள்ளமாட்டார். குளிர்ந்த புண் திரும்பச் சூடேறும் வரைக்கும் ஆறுறதும் மந்தம். அந்த ஊறுற நேரத்துக்குள்ள அடுத்த ஆளின்ர கட்டைத் திறந்து ஊத்தலாம். நேரம் நட்டமில்லை, ஒழுங்கை மாத்தினால் சரி.

நோ மருந்து முதலே. வாயால குடுக்கிற மருந்து எண்டால் றெசிங்குக்கு, அதாவது புண் கட்டுறதுக்கு, அரை மணி தொடக்கம் ஒரு மணித்தியாலம் முந்தி. றெசிங் வண்டில் ஒன்பது மணிக்கு எண்டால் காலை மருந்து வண்டிலோட எட்டு மணிக்கே குடுத்துவிடவேணும். நடக்கிறது என்ன? கட்டி முடிஞ்ச பிறகு, அழுதால், இரண்டு பனடோல்.

இன்னொண்டு. "டயபிற்றிஸ் கால் விறைச்சுப்போச்சு, நோகாது" எண்டு சொல்லிக்கொண்டு வெட்டக்கூடாது. விறைச்ச காலிலை எரிவும் கொதிப்பும் இருக்கிற ஆக்கள் கனபேர்.

08.01, இரவு 9.20 | இராக்கடமை

புண்கட்டு சொன்னதை அப்பிடியே அச்சடிச்சு றெசிங் அறையில ஒட்டலாம். அதோட, "சின்ன எறும்பு கடிச்ச மாதிரி" எண்டு சொல்லிப்போட்டு தடிச்ச 18ஆம் நம்பர் பச்சைக் கனுலா குத்துற ஆக்களைப் பிடிச்சு, முதல்ல அவைக்கு ஒண்டு குத்தவேணும். நோகும் எண்டால் நோகும் எண்டு சொல்லுங்கோ: "இப்ப குத்தப்போறன், பத்து எண்ணுற வரைக்கும் நோகும், கையை ஆட்டாதேங்கோ." இரண்டு தரம் குத்தியும் நரம்பு பிடிபடாட்டி மூண்டாவதுக்கு வேற ஆளைக் கூப்பிடுறதுதான் மரியாதை.

09.01, காலை 7.30 | பிள்ளைவிடுதி

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். "சாப்பிடாட்டி மிஸ்ஸி அன்ரி ஊசி போடுவா" எண்டு வெருட்டாதேங்கோ. நீங்கள் ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போறியள், நாங்கள் அஞ்சு நாள் அந்தப் பிள்ளையின்ர கிட்டப் போக ஏலாமல் நிக்கிறம். மூச்சு எண்ணப் போனாலே அழுகை. அழுகிற பிள்ளையின்ர மூச்சு எண்ணிக்கை ஒண்டுக்கும் உதவாது. நிமோனியா சந்தேகம் எண்டால் அமைதியா இருக்கேக்கை முழு 60 செக்கன் எண்ணவேணும்.

குத்தேக்கை பிள்ளையை மேசையில மல்லாத்தி நாலுபேர் அமத்துறதைவிட, தாயின்ர மடியில நெஞ்சோட நெஞ்சா இருத்திக் கையை மட்டும் வெளியில எடுக்கிறது நல்லம். கைக்குழந்தைக்குக் குதியில இரத்தம் எடுக்கேக்கை தாய்ப்பால் குடிச்சுக்கொண்டிருந்தால் நோ குறையும், ஆராய்ச்சியில வடிவா நிறுவின விசயம். முதல்ல பால், ஒரு இரண்டு நிமிசத்தால குத்து.

09.01, மாலை 5.15 | விடுதிமேசை

மாரி தொடங்கி டெங்கு வாறதால இதைச் சொல்லவேணும். முதல் பக்கத்தில இராக்கடமை சொன்ன "ஏச்சு விழுந்தால் வாய் மூடும்" எண்டதுக்கு இதைவிடச் சரியான உதாரணம் இல்லை.

டெங்குவில இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியிற ஆபத்தான கட்டம் 24 தொடக்கம் 48 மணித்தியாலம். அந்த நேரத்துக்குக் குடுக்கிற மொத்த நீருக்குக் கணக்கு இருக்கு: எங்கட இலங்கை வழிகாட்டலின்படி 50 கிலோ ஆளுக்கு 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து 4600 மி.லீ. ஏறுற சேலைனும் வாயால போறதும் எல்லாம் அதுக்குள்ளதான். மூத்திரம் மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 0.5 தொடக்கம் 1 மி.லீ. போனால் சரி, 50 கிலோ ஆளுக்கு 25 தொடக்கம் 50. கூடினாலும் யோசிக்கவேணும், அளவுக்கு மிஞ்சி நீர் போகுது எண்டு அர்த்தம்.

பார்வையாளர் நேரத்தில என்ன நடக்கும்? பெரியம்மா செவ்விளநீர் கொண்டுவருவா, சித்தப்பா பப்பாசி இலைச் சாறு. கண்டவுடன ஏசினால் அடுத்த நாள் கைப்பையுக்குள்ள ஒளிச்சு வரும், பாத்ரூமில வைச்சுக் குடுப்பினம். அட்டவணையில 1200 எண்டு இருக்கும், உள்ளுக்குப் போனது 1900. இரவில நெஞ்சுக்குள்ள நீர் கோர்த்து மூச்சு வாங்கும். ஏன் எண்டு வைத்தியருக்கும் விளங்காது.

செய்யவேண்டியது: துணைக்கு நிக்கிற ஆளிட்டை 100 மி.லீ. கோடு போட்ட கப்பும் பேனையும் ஒரு தாளும் குடுத்துச் சொல்லுங்கோ, "என்ன குடுத்தாலும் இதுக்குள்ள அளந்து, மணியை எழுதிப்போட்டுக் குடுங்கோ. இளநீரும் எழுதலாம், நான் ஏசமாட்டன்." சிவப்பு, மண்ணிறப் பானம் மட்டும் வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமோ பானமோ எண்டு பிரிச்சுப் பாக்க ஏலாது. அந்தக் கடைசிச் சொல்லு "ஏசமாட்டன்" இல்லாட்டிக் கப்பால பிரயோசனம் இல்லை.

09.01, மாலை 6.00 | கொக்குவில்காரன்

கைப்பையோ வேற பையோ, எங்கட ஆக்களை நல்லா அறிஞ்சு வைச்சிருக்கிறியள். சரி, கேள்வியை மாத்துறன். உதெல்லாம் செய்ய ஆள் எங்க? கரிசனை இல்லை எண்டு மிஸ்ஸிமாரைக் குறை சொல்லுறதும் பிழைதானே.

09.01, இரவு 11.45 | இராக்கடமை

இதுக்கு நான் காத்துக்கொண்டிருந்தனான்.

தாதிய ஆராய்ச்சியாளர் லின்டா எயிக்கின் குழு 2002இல வெளியிட்டது: அமெரிக்காவில, பென்சில்வேனியாவில 168 ஆஸ்பத்திரியள். ஒரு தாதிக்கு ஒரு சத்திரசிகிச்சை வருத்தக்காரர் கூடினால், 30 நாளுக்குள்ள சாவு நடக்கிற வாய்ப்பு 7 வீதம் கூடினதாக் கண்டவை. அங்க கணக்கு ஒரு தாதிக்கு நாலுக்கும் எட்டுக்கும் இடையில. எங்கட இரவுக் கணக்கை வைச்சு அந்தக் கோட்டை நீட்டிப் பாக்கக்கூடாது, ஆராய்ச்சி அந்த எல்லைக்குள்ளதான். ஆனால் எந்தப் பக்கம் போகுது எண்டு விளங்கும். ஆள் குறையேக்கை முதல்ல விழுறது ஊசி இல்லை. அதை எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். வாய் துடைக்கிறது, திருப்பிப் படுக்கவைக்கிறது, விளங்கப்படுத்துறது, இதுகள்தான் விழும். எழுதாத வேலை எல்லாம் விழும்.

இன்னொண்டும் இருக்கு. உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960இல லண்டன் ஆஸ்பத்திரி ஒண்டைப் பற்றி எழுதினதில, ஒரு தாதி ஒரு ஆளை முழுசாப் பாக்காமல் முப்பது பேருக்கு ஒரே வேலையைச் செய்யிற முறையே மனசுக்கு ஒரு கவசம் எண்டு சொன்னவர். ஒருத்தரையும் முழுசா அறியாட்டி ஒருத்தர் செத்தாலும் பெரிசா நோகாது. எங்கட விடுதியளில ஒரு ஆள் ஊசி, ஒரு ஆள் றெசிங், ஒரு ஆள் பிறஷர் எண்டு பிரிக்கிறது ஆள் பஞ்சத்தால வந்தது எண்டுதான் சொல்லுவம். பாதி அதுதான். மற்றப் பாதி மென்சீஸ் சொன்னதோ எண்டு எனக்குச் சந்தேகம். ஊசியையும் மருந்தையும் அப்பிடியே விட்டுப்போட்டு, மிச்ச எல்லாத்துக்கும் கட்டில் 1 தொடக்கம் 12 உனக்கு, 13 தொடக்கம் 24 எனக்கு எண்டு பிரிச்சுப் பாக்கலாம். ஆள் கூடத் தேவைப்படாது.

10.01, காலை 6.50 | விடுதிமேசை

பிரிக்கலாம். ஆனால் 7 மணிக்கும் 1 மணிக்கும் ஆள் மாறுறதால கைமாறேக்கை கட்டிலடியில நிண்டு ஒப்படைக்கவேணும், மேசையில கொப்பியைப் பாத்து வாசிச்சால் சரிவராது. வருத்தக்காரருக்கு முன்னால "இவ பின்னேரம் உங்களைப் பாப்பா" எண்டு பேரைச் சொல்லிவிடுறதோட பாதிப் பயம் போகும். "17ஆம் கட்டில்" எண்டு கூப்பிடுறதையும் விடுங்கோ. அம்மா, ஐயா, ஆச்சி எண்டு கூப்பிடுறது எங்கட வழக்கம், நல்லதுதான். மருந்து குடுக்கேக்கை மட்டும் முழுப்பேரை அவையின்ர வாயாலையே சொல்லச் சொல்லவேணும். ஒரே விடுதியில மூண்டு பரமேஸ்வரி இருப்பினம்.

10.01, இரவு 8.20 | வீட்டுப்பராமரிப்பு

தெல்லிப்பழையில புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கிறதால வடக்கில கடைசிக்காலப் பராமரிப்பு கனக்க வீட்டிலதான் முடியுது. இரண்டு விசயம்.

ஒண்டு, மோர்பின். "அதைக் குடுத்தால் கதை முடிஞ்சுது" எண்டு வீட்டுக்காரர் போத்திலை அலுமாரிக்குள்ள வைச்சிடுவினம். வாயால குடுக்கிற சாதாரண மோர்பின் ஏறக்குறைய 4 மணித்தியாலம்தான் நிக்கும். நோ வந்தாப் பிறகு குடுக்கிறதில்லை, வர முந்தி மணிக்கணக்குக்குக் குடுக்கிறது. மலச்சிக்கல் அனேகமா வரும், ஆகையால முதல் நாளே பேதி மருந்தும் சேர்த்து எழுதுவிக்கவேணும். நித்திரைத் தூக்கம் முதல் இரண்டு மூண்டு நாளில கூடப் பேருக்குத் தெளிஞ்சிடும். இதை மனிசியிட்டையும் மூத்த மகனிட்டையும் தனித்தனியாச் சொல்லுங்கோ. பூட்டி வைக்கிறது மற்ற ஆளாத்தான் இருக்கும்.

மற்றது, பால் பருக்கிறது. கடைசி நேரத்தில பிள்ளையள் ஒவ்வொருத்தராக் கரண்டியால பாலோ தீர்த்தமோ விடுறது எங்கட முறை. விழுங்க ஏலாத ஆளுக்கு அது நெஞ்சுக்குள்ள போய்க் கொரகொரக்கும், இருமக்கூடச் சக்தி இராது. "கூடாது" எண்டு மறிச்சால் அந்த வீட்டில ஆயுசுக்கும் மனக்குறை. ஒரு வழி இருக்கு: ஆளைச் சரிச்சுப் படுக்கவைச்சு, பஞ்சைப் பாலில தோய்ச்சுப் பிழிஞ்சு, சொண்டிலையும் நாக்கு நுனியிலையும் தொட்டுவிடச் சொல்லலாம். ஒவ்வொரு பிள்ளையும் செய்யலாம், முறையும் கெடாது. திருநீறும் பூசலாம், ஒட்சிசன் மாஸ்க்குக்குள்ள தூள் விழாமல் மாத்திரம் பாருங்கோ.

10.01, இரவு 9.00 | விரிவுரைக்கட்டு

இதே வகையில் தாலிக்கொடியையும் சொல்லலாம். சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் உலோகம் ஆகாது. மின்கத்தி பாவிக்கும்போது தோல் சுடும் ஆபத்துண்டு. தள்ளுகட்டிலில் ஏற்றிய பிறகு "கழற்றுங்கோ" என்றால் அந்த அம்மா அழுதுகொண்டுதான் மயக்க மருந்துக்குப் போவார், இரத்த அழுத்தமும் ஏறியிருக்கும். முதல் நாள் மாலையே சொல்லிவிட்டால் கணவரோ தாயோ வந்து மஞ்சள் கயிறு கட்டிவிட்டுக் கொடியைக் கழற்றி, எடையும் விபரமும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொண்டுபோவார்கள். செலவு ஒரு வசனமும் ஒரு முழம் நூலும்.

11.01, காலை 10.15 | புண்கட்டு

படுக்கைப்புண் பற்றி ஒருத்தரும் எழுதாததால. சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கிறது அன்பாத் தெரியும், ஆனால் உள்ளுக்கு ஏற்கெனவே நசிஞ்ச இரத்தக் குழாயை இன்னும் கிழிக்கும். விரலால அமத்தி எடுத்துப் பாருங்கோ: வெளிறித் திரும்பச் சிவந்தால் தப்பலாம், வெளிறாட்டிப் புண் தொடங்கியாச்சு. கறுத்த தோலில சிவப்பு வடிவாத் தெரியாது. சூடு, தடிப்பு, நோ இதுகளைத் தொட்டுப் பாக்கவேணும். கையுறைக்குள்ள தண்ணி நிரப்பிக் குதிக்குக் கீழ வைக்கிறதும், நடுவில ஓட்டை உள்ள வளையமும் வேண்டாம். கெண்டைக்காலுக்குக் கீழ தலையணை, குதி காத்தில நிக்கவேணும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 30 பாகை சரிவு. முழுசா ஒருக்களிச்சுப் போட்டால் இடுப்பு முட்டில புண் வரும். இரண்டு பேர் துணி போட்டுத் தூக்கி மாத்துங்கோ, இழுக்காதேங்கோ.

11.01, காலை 11.30 | கொக்குவில்காரன்

கடைசியா ஒண்டு, இது வாதத்துக்கு இல்லை. மாமிக்கு நாளைக்கு ரிக்கற் வெட்டுவினமாம், சாப்பாடு குடுக்கிற மூக்கு ரியூப்போட வீட்டை வாறா. விடுதியில ஐஞ்சு நிமிசம் காட்டித் தந்தவை, பாதி விளங்கேல்லை. திரும்பக் கேக்கலாமோ?

11.01, மத்தியானம் 12.05 | இராக்கடமை

கட்டாயம் கேளுங்கோ. இன்னும் நல்லது, நாளைக்குக் காலமைச் சாப்பாட்டை மிஸ்ஸி பாத்துக்கொண்டு நிக்க நீங்கள் உங்கட கையால குடுத்துக் காட்டுங்கோ. "விளங்கிச்சோ" எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். செய்ய விட்டால்தான் தெரியும். பின்னேரக் கூட்டம் வர முந்திக் கேளுங்கோ.

குறிச்சு வையுங்கோ. மூக்கடியில ரியூப்பில எத்தினையாம் கோடு எண்டு பேனையால அடையாளம் போடுங்கோ; ஒவ்வொரு தரமும் குடுக்க முதல் அந்தக் கோடு அங்கதான் நிக்குதோ எண்டு பாருங்கோ. வெளியில வந்திருந்தால் தள்ளிவிடாதேங்கோ, ஒண்டும் குடுக்கவும் வேண்டாம், கொண்டுபோய்க் காட்டுங்கோ. தலைமாடு 30 தொடக்கம் 45 பாகை, மூண்டு தலையணை. முதல்ல 30 மி.லீ. தண்ணி. பிறகு வடிச்ச சாப்பாடு 200 மி.லீ. வரைக்கும், சிறிஞ்சின்ர தண்டைக் கழட்டிப்போட்டு, வயித்திலயிருந்து ஒரு முழத்துக்கு மேல தூக்காமல், தானா இறங்க விடுங்கோ. 15, 20 நிமிசம் எடுக்கும். அமத்தித் தள்ளினால் சத்தி வரும். கடைசியில திரும்ப 30 மி.லீ. தண்ணி. பிறகு ஒரு மணித்தியாலம் படுக்கவிடாதேங்கோ. இருமல், முகம் நீலம், மூச்சு முட்டல் எண்டால் உடன நிப்பாட்டுங்கோ.

11.01, மத்தியானம் 12.20 | புண்கட்டு

தலையணையைப் பற்றி மட்டும்: அந்த ஒரு மணித்தியாலம் முடிய 30 பாகைக்கு இறக்குங்கோ. நாள் முழுக்க நிமிர்த்தி வைச்சால் கீழ வழுக்கி வழுக்கி முதுகடியில தோல் உரியும். மூக்கில ஒட்டின பிளாஸ்ரரையும் ஒவ்வொரு நாளும் மாத்தி, மூக்கு ஓரத்தில ரியூப் ஒரே இடத்தில அழுத்தாமல் பாருங்கோ.

11.01, மத்தியானம் 12.40 | கொக்குவில்காரன்

குளிசையள் எப்பிடி? எல்லாத்தையும் ஒண்டாக் குத்திக் கலக்கலாமோ?

11.01, மத்தியானம் 12.55 | இராக்கடமை

வேண்டாம். ஒவ்வொண்டாக் குத்தி, 15 மி.லீ. தண்ணியில கரைச்சு, ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில கொஞ்சம் தண்ணி விடுங்கோ. மெல்ல மெல்லக் கரையிற வகைக் குளிசையையும் மேல பூச்சுப் பூசின குளிசையையும் குத்தவே கூடாது. எது எது எண்டு மருந்து தாற யன்னலில கேட்டு உறையில எழுதுவியுங்கோ, திரவமா மாத்தித் தரலாமோ எண்டும் கேளுங்கோ. அடைச்சால் இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு மெல்ல முன்னும் பின்னும் இழுங்கோ, கம்பி விடாதேங்கோ, சோடா ஊத்தாதேங்கோ. எடுபடாட்டி ரியூப்பை மாத்தவேணும். மாத்துற திகதியைக் கிளினிக் கொப்பியில இண்டைக்கே எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ.